‘பேசியாச்சு அண்ணா’: வீட்டிலிருந்து வேலை கேட்கும் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் என் சித்தி மகனுக்குச் சென்னை கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். அம்மா கையால் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டு மாதச் சம்பளம் என்றால் யாருக்குக் கசக்கும்? “எழுத்தில் வாங்கினியா மக்கா?” என்று கேட்டேன். “மேனேஜர்கிட்ட பேசியாச்சு அண்ணா” என்றான். எனக்குப் பகீரென்றது.

மீட்டிங்குக்கு நேரத்துக்கு வா, மெயிலுக்குப் பதில் போடு என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்ப்பேச்சை நம்புவது

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து தக்கலைக்கு வந்தவன் நான். சில மாதம் கழித்து மேலாளரிடம் இழுத்து இழுத்துக் கேட்டேன். “வேலை நடக்குதுல்ல, ஊரிலேயே இரு” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அதை நம்பி பெங்களூர் வீட்டைக் காலி செய்தேன். இங்கே மாடியில் ஓர் அறை எடுத்தேன். இன்வெர்ட்டர், இரண்டு இன்டர்நெட் இணைப்பு, சாய்வு நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டேன்.

2022 தொடக்கத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இரண்டே மாதத்தில் மெயில் வந்தது: வாரம் மூன்று நாள் அலுவலகம்.

புதிதாக வந்தவரிடம் பழைய கதையைச் சொன்னேன். அவர் என் நியமனக் கடிதத்தைத் திரையில் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ‘பணியிடம்: பெங்களூர்.’ அவ்வளவுதான். வேலையை விடுவதென்றாலும் 90 நாள் நோட்டீஸ், அதையும் அலுவலகத்தில் இருந்தே முடிக்க வேண்டும். பி.ஜி. வாடகை கட்டி, லீவு கிடைக்கும்போதெல்லாம் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் இருபது மணி நேரம் உட்கார்ந்து இரணியலில் வந்து இறங்கி அந்த மூன்று மாதத்தை ஓட்டினேன். மாடி அறையில் இப்போது அப்பா ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த நாற்றம் மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், மேலாளர் மேல் அல்ல, என் மேல்.

அன்றைக்கே ஒரு மெயில் போட்டிருக்கலாம். ‘நாம் பேசியபடி இன்ன தேதியிலிருந்து ஊரிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலகம் வரச் சொன்னால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? பயணச் செலவு யாருடையது?’ எச்.ஆருக்கும் ஒரு நகல். ‘தப்பாக நினைப்பாரோ’ என்ற கூச்சத்தில் விட்டேன். நியமனக் கடிதத்திலேயே பணியிடத்தை மாற்றி வாங்கினால் இன்னும் நல்லது. எழுத்தில் இருந்தாலும் கம்பெனி மனம் மாறலாம்தான். ஆனால் உட்கார்ந்து பேச நம் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

ஊர் லீவைக் கம்பெனி லீவாக நினைப்பது

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை. ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? முன்கூட்டியே லீவு போட்டுவிடுங்கள்.

கரண்ட் இல்லை என்பது

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. காற்றடித்தால் மரம் கம்பியில் விழும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் மாதம் நாலு தடவை சொன்னால் உண்மையும் சாக்காகிவிடும். நாகர்கோவிலிலோ பக்கத்திலோ போய் உட்கார ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

‘நெகிழ்வான நேரம்’ என்றதும் தலையாட்டுவது

யாருக்கு நெகிழ்வு என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் இதே சொல்தான் வந்தது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். இன்டர்வியூவில் ‘எங்களிடம் நேரக் கணக்கே கிடையாது’ என்றால், எத்தனை மணிக்கு முடியும் என்பதற்கும் கணக்குக் கிடையாது என்று அர்த்தம்.

ராத்திரி 11 மணிக்குப் பதில் போடுவது

ஒரு நாள் போட்டால் தினமும் போட வேண்டும்.

சித்தி மகனை நேற்று கூப்பிட்டேன். “மெயில் போட்டியா?” “மேனேஜர் லீவுல போயிருக்காரு அண்ணா, வந்ததும் போடுறேன்” என்கிறான். மாடியில் அறை கட்ட கொத்தனார் திங்கட்கிழமை வருகிறாராம்.