கோடு நடுங்கியதும் நாட்ச் பில்டரைத் தட்டாதீர்கள்

தசையின் மின் சிக்னலைப் பதிவு செய்யும் ஈஎம்ஜி அறையில் திரைக்கோடு தடித்து, ஸ்பீக்கரில் ரீங்காரம் கிளம்பியதும் பலருடைய கை நேராகப் போவது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டி எடுக்கும் நாட்ச் பில்டருக்குத்தான். ஒரு தட்டு, கோடு சுத்தம். தவறுகளில் முதலாவது இது. மற்ற தவறுகளை மூடி மறைப்பதும் இதுவே.

தோல்மேல் ஒட்டும் எலக்ட்ரோடில் கிடைக்கும் தசை சிக்னல் சில மைக்ரோவோல்ட்டில் தொடங்கும். நோயாளி முழு பலத்தோடு தசையை இறுக்கினாலும் சில மில்லிவோல்ட்தான். அதன் ஆற்றலில் பெரும்பகுதி 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. நம் கரன்ட்டோ 50 ஹெர்ட்ஸ், சிக்னல் அடர்ந்திருக்கும் இடத்திலேயே வந்து உட்காருகிறது. அங்கே வெட்டினால் இரைச்சலோடு சிக்னலும் போகும். போதாததற்கு, கூர்மையான அலைக்குப் பின்னால் இல்லாத அதிர்வுகள் வால்போல் ஒட்டிக்கொள்ளும். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் அந்த வாலையே சென்சரி (உணர்வு நரம்பு) அலை என்று அளந்துவிட வாய்ப்புண்டு. மலிவான இன்வெர்ட்டரில் ஓடும் அறையானால் 150, 250 ஹெர்ட்ஸிலும் இரைச்சல் வரும்; 50-க்கு வைத்த நாட்ச் அதைத் தொடவே தொடாது.

முதலில் வந்திருப்பது கரன்ட் இரைச்சல்தானா என்று பாருங்கள். ஸ்வீப்பை, அதாவது திரையில் கோடு ஓடும் வேகத்தை, ஒரு கட்டத்துக்கு 10 மில்லிசெகண்ட் என்று வைத்தால், இரண்டு கட்டத்துக்கு ஒரு மேடு விழ வேண்டும். அப்படி விழாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஊசி ஈஎம்ஜியில் சில நோயுற்ற தசைகள் இயந்திரம்போல ஒரே சீராகத் துடிக்கும்; அது சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கும். கரன்ட் இரைச்சல் அப்படி நடுவில் ஓய்வெடுப்பதில்லை. நோயின் அடையாளத்தையே இரைச்சல் என்று துடைத்துவிடுவதைவிட மோசமான தவறு இந்த வேலையில் இல்லை.

அடுத்தது தோல். ஆம்ப்ளிபயர் இரண்டு எலக்ட்ரோடுக்கும் பொதுவாக வரும் மின்னழுத்தத்தைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிறது. இரண்டிலும் தோலின் மின்தடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கழித்தல் கணக்கு சரியாக வரும். ஓரிடத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு அடுத்ததை முடியோடு விட்டால், பொதுவாக வந்த 50 ஹெர்ட்ஸே வித்தியாசமாக மாறித் திரையில் ஏறும். நான் பார்த்த வரை பாதிப் பிரச்சினை இங்கேதான். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் நோயாளிக்கு ஸ்பிரிட்டை ஒரு முறை தடவினால் போதாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, முடியை மழித்து, லேசாக உரசி, பிறகு ஸ்பிரிட் வைத்து, அது முழுதாகக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உரசலில் நிதானம் வேண்டும், புண்ணாகிவிடும். திறந்தே கிடந்த பாக்கெட்டில் ஜெல் காய்ந்துபோன எலக்ட்ரோடைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டிய சில நிமிடங்களில் தடை தானாகக் குறையும். அவசரப்பட்டுப் பதிவைத் தொடங்காதீர்கள்.

ஒயரில் செய்யும் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. மிச்ச நீளத்தை வளையமாகச் சுற்றிக் கட்டிலில் போட்டால், அறையில் உலவும் காந்தப்புலத்தை அது வாங்கிக்கொள்ளும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, கரன்ட் ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். கடந்தே ஆக வேண்டுமானால் குறுக்காகக் கடக்கட்டும். நடக்கச் சொல்லி எடுப்பதானால் ஒயரை உடம்போடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஒயரும் எலக்ட்ரோடும் ஆடுவதால் வரும் மெதுவான அலை பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் என்பதால், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் பில்டரை அங்கே வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதுகு, மார்புத் தசைகளில் இதயத் துடிப்பும் சேர்ந்து பதிவாகும். அதை ஹை-பாஸ் குறைக்குமே தவிர முழுதாகப் போக்காது.

அறைக்குள் மின்சாரக் கட்டில் இருந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே உருவிவிடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். பிசியோதெரபி பிரிவானால் பக்கத்துத் தடுப்பில் ரேடியோ அலையால் உடம்பைச் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதர்மி ஓடுகிறதா என்று எட்டிப் பாருங்கள். ஓடினால் அது முடியும்வரை காத்திருப்பதே வழி. ஐசியூவில் இந்தச் சுதந்திரம் கிடையாது. வென்டிலேட்டர் ப்ளக்கில் கைவைக்க முடியாது. தோல், ஒயர் எல்லாம் சரிபார்த்தும் இரைச்சல் அடங்கவில்லை என்றால் அங்கே நாட்ச் போடலாம்; போட்டதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள், போடாமல் ஒரு பதிவும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக எர்த். நோயாளிமேல் ஒட்டும் எர்த் எலக்ட்ரோடை இன்னொரு தசைமேல் வைக்காமல் முழங்கை, கணுக்கால் போன்ற எலும்புப் பகுதியில் வையுங்கள். நரம்பைத் தூண்டும் சோதனையில் தூண்டும் இடத்துக்கும் பதிவு செய்யும் இடத்துக்கும் நடுவில் அது வர வேண்டும். இரைச்சல் குறைகிறதே என்று அந்த ஒயரைக் கட்டில் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறொரு கருவியில் மின்கசிவு இருந்தால் அது நோயாளியின் உடம்பு வழியாகத்தான் போகும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் அதே அளவு ஆபத்து. சுவர் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை நோயாளியைக் கருவியோடு இணைக்க வேண்டாம்.