எழுத்தாளர் தன்னைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

1981ஆம் ஆண்டின் இறுதியில் ‘பாரிஸ் ரிவ்யூ’ இலக்கிய இதழில் வெளிவந்த நேர்காணலில், அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரின் தாக்கம் குறித்து கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸிடம் பேச்சு எழுகிறது. விமர்சகர்கள் தாக்கம் என்று சொல்வதைத் தான் தற்செயலான ஒற்றுமையாகவே காண்பதாகவும், ஃபாக்னருக்குக் கிடைத்ததைப் போன்ற மூலப்பொருள் தனக்கும் கிடைத்ததால் அதே விதத்தில் கையாள வேண்டியிருந்தது என்றும் அவர் பதில் சொல்கிறார். அடுத்த ஆண்டு டிசம்பரில், ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தும்போது அதே ஃபாக்னரைத் தன் ஆசான் என்று குறிப்பிடுகிறார். இவ்விரண்டுக்கும் முன்னதாக, 1950இல், கொலம்பியாவின் பர்ரான்கியா நகர நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்த இளைஞராக அவர் ஃபாக்னரை வெளிப்படையாகப் போற்றி எழுதியிருந்தார்.

இம்மூன்றில் ஒன்றை மட்டும் படித்த வாசகர், அதையே மார்க்கேஸின் இறுதி வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார். புனைவெழுத்தாளர்கள் தங்கள் உந்துதல், வாசிப்பு, எழுத்துப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வனவற்றைப் படிக்கும்போது நிகழும் தவறுகளுள் முதன்மையானது இதுவே. அந்த நேர்காணலில் அவர் தன்னை இன்னொருவரின் நிழலாகக் காட்டும் விமர்சகர்களுக்கு எதிராகப் பேசுகிறார். ஸ்டாக்ஹோமில், முன்பு ஃபாக்னரும் நின்று பரிசு பெற்ற அந்த நகரில், ஒரு மரபின் வரிசையில் தன்னை நிறுத்திக்கொள்கிறார். இரண்டிலும் பொய் இல்லை. யாரிடம், எந்தச் சூழலில், எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிட்டுக் கூற்றை மட்டும் மேற்கோளாக எடுத்தாளும்போதுதான் பிழை நேர்கிறது. இத்தனைக்கும் அதே 1981 நேர்காணலில், தாயுடன் தன் பிறந்த ஊருக்குச் சென்றபோது அந்த ஊரைப் பார்ப்பதாகவே தோன்றவில்லை, படிப்பதாகத் தோன்றியது என்றும், தான் கண்டதை எழுத ஃபாக்னருடையதைப் போன்ற உத்தியே தேவைப்பட்டது என்றும் மார்க்கேஸ் சொல்கிறார். ‘தற்செயல்’ என்ற பதிலைவிட இந்த வாக்கியங்கள் பல மடங்கு பயனுள்ளவை; ஆனால் மேற்கோளாக அதிகம் புழங்குவது ‘தற்செயல்’ என்ற பதில்தான்.

முன்னோடிகளின் பட்டியலை வம்சாவளியாக எண்ணுவது அடுத்த தவறு. ‘பாரிஸ் ரிவ்யூ’ ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் எடுத்து 1958இல் வெளிவந்த நேர்காணலில் அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே தன் முன்னோடிகளை வரிசைப்படுத்துகிறார். மார்க் ட்வெய்ன், ஃப்ளொபேர், துர்கனேவ், டால்ஸ்டாய், செகாவ் என்று நீளும் வரிசையில் பாக், மொஸார்ட் ஆகிய இசை மேதைகளும், கோயா, செசான், வான்கா ஆகிய ஓவியர்களும் இடம்பெறுகிறார்கள். இடம்பெறாதவர் அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன். இளம் ஹெமிங்வேயைப் பாரிஸுக்குச் செல்லத் தூண்டி, 1921இல் அங்கே வாழ்ந்த எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் உள்ளிட்டோருக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தவர் அவர். ஹெமிங்வேயின் தொடக்ககாலக் கதைகளில் அவருடைய சாயலை அக்கால விமர்சகர்களே சுட்டிக்காட்டியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆண்டர்சனைக் கேலி செய்து ஒரு சிறு நாவலையே ஹெமிங்வே வெளியிட்டார். பட்டியலில் ஸ்டைனும் இல்லை.

இறந்துபோன பெரியவர்களை ஆசான்களாக ஏற்பது எவருக்கும் எளிது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்தவரை ஏற்பதுதான் கடினம். ஃபாக்னரும் இதற்கு விலக்கில்லை. 1930களின் தொடக்கத்தில், ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலைத் தான் படித்ததில்லை என்று ஒரு நேர்காணலில் சொன்னார். 1924 என்று தேதியிட்டு அவர் கையொப்பமிட்ட அந்நூலின் பிரதி அவருடைய சொந்த நூலகத்தில் இருந்தது. ஆகவே ஒருவர் யார் யாரைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளும் வாசகர், யார் யாரைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பெயர்களைக் காட்டிலும், படித்த நூலோடு எழுத்தாளர் என்ன உறவு கொண்டார் என்பதே கூடுதலாக விளக்கம் தரும். சுந்தர ராமசாமியின் வாசிப்பை அறிய விரும்புவோர் அவர் பாராட்டிய நூல்களைத் தொகுப்பதோடு நின்றுவிடக் கூடாது. எழுதத் தொடங்கிய காலத்திலேயே, 1951இல், புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்ததும், தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ ஆகிய நாவல்களை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய வாசிப்பின் பகுதிகளே. வரிவரியாக மொழிபெயர்த்த நூல் எழுத்தாளரின் கைக்குள் இறங்கும் விதம் வேறு. இரவில் படித்து மகிழ்ந்த நூல் அவருக்குள் தங்கும் விதம் வேறு. ‘உங்களுக்குப் பிடித்த பத்து நூல்கள் எவை?’ என்ற கேள்வி இந்த வேறுபாட்டைத் துடைத்துவிடுகிறது என்பதாலேயே அது பயனற்ற கேள்வியாகிறது.

ஒரு நாவல் ஒரே கணத்தில் உதித்தது என்று நம்புவது, தொடக்கநிலை எழுத்தாளர்களுக்கு மிகுந்த கேடு செய்யும் தவறு. 1965இல் குடும்பத்தோடு மெக்சிகோவின் கடற்கரை நகரான அகாபுல்கோவுக்குக் காரோட்டிச் செல்லும் வழியில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் தொனி மார்க்கேஸுக்குப் பிடிபட்டது என்ற கதையைப் படிக்காதவர் அரிது. அந்தக் கதைக்கு முன்னால் இருப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘வீடு’ என்ற தலைப்பில் அதே பொருளை அவர் தன் இருபதுகளிலேயே எழுதிப் பார்த்துக் கைவிட்டிருந்தார். அதன் பகுதிகள் 1950இல் அச்சேறின. அந்நாவல் நிகழும் மகோந்தா என்ற கற்பனை ஊர் 1955இல் வெளியான அவருடைய முதல் நாவலிலேயே இருக்கிறது. தொனி கிடைத்த பிறகும் பதினெட்டு மாதங்கள் நாள்தோறும் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் தேடிய ஒன்றின் கடைசிக் கதவு திறந்த இடமாகவே அந்தச் சாலையைக் கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு, தனக்கும் ஒரு சாலை வரும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் கதையும் இத்தகையதே. ‘ஆன் தி ரோடு’ நாவலை எழுத எவ்வளவு காலம் ஆயிற்று என்று 1959இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டபோது, மூன்று வாரம் என்றார். 1951 ஏப்ரலில், ஒட்டிச் சேர்த்த தாள்களாலான சுமார் 120 அடி நீளச் சுருளில் அவர் இடைவிடாமல் தட்டச்சு செய்தது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் குறிப்பேடுகளும் முழுமை பெறாத வரைவுகளும், 1957இல் நூலாகும் வரை நடந்த திருத்தங்களும் அந்தப் பதிலில் இல்லை.

இவற்றையெல்லாம் கண்டு, எழுத்தாளர் சொல்வது எதையுமே நம்பக் கூடாது என்ற எதிர்முனைக்குப் போவதும் தவறே. ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலை, பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவுப்பணி பார்த்துக்கொண்டே ஆறு வாரத்தில், ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதியதாக ஃபாக்னர் சொன்னார். கைப்பிரதியில் உள்ள தேதிகள் 1929 அக்டோபர் 25 முதல் டிசம்பர் 11 வரை. ஏழு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. காலக்கணக்கு ஏறத்தாழச் சரி. ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்பதைத்தான் கைப்பிரதியிலும் தட்டச்சுப் படியிலும் உள்ள திருத்தங்கள் மறுக்கின்றன. ஒரே வாக்கியத்தில் பாதி உண்மையும் பாதி பெருமையும் கலந்திருக்க இயலும் என்பதால், கூற்றை மொத்தமாக ஏற்பதோ தள்ளுவதோ கூடாது. தேதியும் தாளும் உள்ள இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழக்கங்களைப் பற்றிய பகுதிக்கு வந்தால், எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதே பொதுவான பிழை. இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரொலோப் சரியான சான்று. அஞ்சல் துறையில் நெடுங்காலம் முழுநேரப் பணி பார்த்துக்கொண்டே எழுதி, மொத்தத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தவர் அவர். அவர் மறைந்த பின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில், காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்ததையும், கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். கலையைக் கடிகாரத்தோடு கட்டியதாக முகஞ்சுளித்த விமர்சகர்களால் அவருடைய மதிப்பு வெகுகாலம் சரிந்திருந்தது. இன்றோ அதே எண், அன்றாட இலக்கு வைத்து எழுதுவோரின் மந்திரமாகிவிட்டது.

அந்நூலை முழுமையாகப் படித்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. அவர் ஒதுக்கிய மூன்று மணி நேரத்தின் முதல் அரைமணி எழுதுவதற்கானது அன்று. முந்தைய நாள் எழுதியதை ஓசை காதில் விழும்படி படித்துப் பார்ப்பதற்கானது. வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம் என்று கணக்கு வைத்திருந்தாலும், அது 20 ஆகக் குறைந்த வாரங்களும் 112 ஆக உயர்ந்த வாரங்களும் உண்டு என்று அவரே எழுதுகிறார். ஒரு பக்கம் என்றால் எவ்வளவு என்ற ஐயம் வரக் கூடாது என்பதற்காக, பக்கத்துக்கு 250 சொற்கள் என வரையறுத்துக்கொண்டார். பணி நிமித்தமான பயணங்களின்போது ரயில் பெட்டியில் மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் படியெடுத்தார். விடியற்காலையில் அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவர ஒரு பணியாளர் இருந்தார். அதற்கென அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் ஓடும் ஒருவர், காப்பியைக் கொண்டுவந்தவரையும் படியெடுத்தவரையும் கணக்கில் சேர்க்காமல் கால்மணிக்கு 250 சொற்கள் என்ற எண்ணை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டால், சில வாரங்களில் தன்மீதே வெறுப்புக் கொள்வார். எடுத்துக்கொள்ளத் தக்கது அந்த முதல் அரைமணி. அதைத்தான் எவரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஹெமிங்வே நின்றுகொண்டு எழுதினார் என்பதும் இவ்வாறே பரவிய செய்தி. அவருடைய கியூப வீட்டின் சுவரில் அன்றாடச் சொற்கணக்கைக் குறித்த அட்டை ஒன்று இருந்ததைப் பிளிம்ப்டன் விவரிக்கிறார். 450, 575, 462, பிறகு 1250, மீண்டும் 512. மறுநாள் குற்றவுணர்வின்றி மீன்பிடிக்கப் போவதற்காகவே முந்தைய நாள் கூடுதலாக எழுதினாராம். நிற்பதைவிட, அடுத்து என்ன நிகழும் என்று தெரிந்திருக்கும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வது பற்றி அவர் சொல்வது எவருக்கும் பயன்படும்.

நேர்காணல் என்பதைத் தன்னிச்சையான பேச்சு என்று எண்ணுவதும் பிழை. ‘பாரிஸ் ரிவ்யூ’ தன் நேர்காணல்களை அச்சிடுமுன் எழுத்தாளர் திருத்திக்கொள்ள இடம் தருகிறது. ‘லொலிட்டா’ நாவலாசிரியர் நபக்கோவ் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் பெற்று, பதில்களையும் எழுதியே கொடுத்தார். தமிழில் கி. ராஜநாராயணன் தன் கல்வியைப் பற்றிச் சொன்னது பலருக்கும் மனப்பாடம்: மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினாராம், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தேர்ந்த கதைசொல்லி செதுக்கிய வாக்கியம் இது. இதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு, அவர் படிக்காமலே எழுதியவர் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அதே இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியோடு அவர் நெடுங்காலம் பகிர்ந்துகொண்ட வாசிப்பும், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யிடம் கம்பனைக் கேட்டதும், விளாத்திகுளம் சுவாமிகளிடம் பெற்ற இசைப் பயிற்சியும் அந்த நகைச்சுவைக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது அந்த மழைக்காக அன்று.

இறுதியாக, கேள்வி கேட்போரின் தவறுகள். ‘கதைக்கரு எங்கிருந்து கிடைக்கிறது?’, ‘இது உங்கள் சொந்த அனுபவமா?’ என்ற இரண்டும் புத்தகக் காட்சி அரங்குகளில் தவறாமல் கேட்கப்படுபவை. ஆயத்தமாக வைத்திருக்கும் பதிலைத் தவிர வேறொன்றையும் இவை வெளிக்கொணர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதுதான் எழுத்தாளர் நினைவைத் தோண்டத் தொடங்குகிறார். எவ்வளவு திருத்துவீர்கள் என்று பிளிம்ப்டன் கேட்டபோது, ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் முடிவை 39 முறை மாற்றி எழுதியதாக ஹெமிங்வே சொன்னார். அதோடு விட்டுவிடாமல், அங்கே உங்களைத் தடுத்தது எது என்று பிளிம்ப்டன் மேலும் கேட்டார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்று சுருக்கமான பதில் வந்தது. 2012இல் வெளிவந்த பதிப்பு 47 மாற்று முடிவுகளை அச்சிட்டது. எழுத்தாளரின் நினைவு தன் உழைப்பைக் குறைத்துச் சொல்லியிருந்தது தாள்கள் எஞ்சியிருந்ததால்தான் தெரியவந்தது.

இன்று கணினியில் எழுதுவோர் பழைய வடிவத்தின் மேலேயே திருத்திச் சேமித்துவிடுவதால், பல நாவல்களுக்கு இறுதி வடிவத்தைத் தவிர வேறு தடயம் இராது. எழுதுவோர் ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். நேர்காணல் எடுக்கச் செல்வோர், பிடித்த நூல்களின் பட்டியலைக் கேட்பதற்கு முன், ஏதேனும் ஓர் அத்தியாயத்தின் முதல் வரைவையும் அச்சான வடிவத்தையும் தர இயலுமா என்று கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.