வீட்டுப் பிளான் கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

பிளானை வாங்கியவுடன் எல்லோரும் எத்தனை பெட்ரூம், ஹால் எவ்வளவு பெரிசு என்றுதான் பார்க்கிறோம். அது போதாது. கையில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, இப்போது இருக்கும் வீட்டில் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிளானில் வரைந்திருக்கும் கட்டிலை நம்ப வேண்டாம். பல பிளான்களில் அதைச் சின்னதாக வரைந்திருப்பார்கள், அறை தாராளமாகத் தெரியும்.

பத்துக்குப் பத்து அறையையே எடுத்துக்கொள்வோம். கட்டில் 6 அடி அகலம், பீரோ 2 அடி ஆழம், மீதி 2 அடி. அந்த 2 அடியில் நின்றுதான் பீரோ கதவைத் திறக்க வேண்டும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் உள்பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்திருக்க இன்னொருவரைத் தாண்டித்தான் வர வேண்டும். போதாததற்குப் பிளானில் எழுதியிருப்பது பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய அளவு, பூசி முடித்தால் அதிலும் ஓர் அங்குலம் குறையும். பில்லர் அறைக்குள் துருத்திக்கொண்டு வருகிறதா என்றும் கேளுங்கள், பீரோ வைக்க நினைத்த மூலையில்தான் அது வந்து நிற்கும்.

அப்புறம் கதவுகள். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது என்று வளைகோடு போட்டிருக்கும். இரண்டு கதவு ஒன்றோடொன்று மோதுகிறதா, திறந்த கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு மாட்டிக்கொள்கிறதா, வாசலில் நிற்பவருக்கு பாத்ரூம் நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இல்லை நாமே இங்கேதான் வயதாகப் போகிறோம் என்றால், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான பாத்ரூம் கதவும் அவசியம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாடிப்படிக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ்த்தளத்துத் தரையிலிருந்து மேல்தளத்துத் தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம். படி உயரம் சுமார் 7 அங்குலம் என்றால் 17 படி ஏற வேண்டும். கடைசிப் படி மேல்தளமே என்பதால் கால் வைக்கும் பலகை 16. ஒன்றுக்கு 10 அங்குலம் என்றால் நேராகப் போகும் படிக்கட்டுக்கு 13 அடி 4 அங்குலம் நீளம் வேண்டும். பிளானில் 10 அடிதான் விட்டிருக்கிறார்கள் என்றால், ஒன்று படி செங்குத்தாக இருக்கும், இல்லையென்றால் பாதம் முழுசாகப் பதியாது.

மேல்மாடி பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே இருந்தால் குழாய் வேலை எளிது. பெட்ரூம் தலைக்கு மேல் வந்தால் தண்ணீர்ச் சத்தம், கசிவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறோம். வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, மேற்கு வெயில் எந்த ஜன்னலில் விழும், ஒவ்வொரு அறையிலும் காற்று உள்ளே வந்து வெளியே போக வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாஷிங் மெஷின், துணி காயப்போடும் இடம், துடைப்பம், சூட்கேஸ், இவற்றுக்கெல்லாம் பிளானில் இடமே இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் வெறும் தரையில் சாக்பீஸால் அந்த அறையை அதே அளவில் வரைந்து, குடும்பத்தோடு உள்ளே நடந்து பாருங்கள்.

திருத்தங்களை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பிரதியிலேயே எழுதிக் கொடுத்து, தேதி போட்ட புதுப் பிளானாக வாங்கிக்கொண்டு, பழையதையெல்லாம் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேஸ்திரி கையில் பழசுதான் இருக்கும்.