ரிப்பேர் மெஷினில் டேக் மாட்டுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். ஓடாத ஒரு பம்ப், அதன் மேல் எச்சரிக்கை டேக் என்ற பெயரில் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டு, அதில் மார்க்கரால் ‘ரிப்பேர்’ என்று ஒரே வார்த்தை, கட்டியிருப்பது பனியன் வேஸ்ட் துணி. யார் எழுதியது, எப்போது எழுதியது, என்ன கோளாறு, எந்த சுவிட்சை ஆஃப் பண்ணியிருக்கிறார்கள், ஒன்றும் இருக்காது. காலையில் கட்டிய அட்டை சாயங்காலத்துக்குள் நீராவியில் ஊறிக் கூழாகி, தரையில் ஓடும் தண்ணீரோடு போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் மாறி வருகிறவருக்கு அது ரிப்பேர் பம்ப் இல்லை, சும்மா நிற்கிற பம்ப். சும்மா நிற்கிற பம்பை என்ன செய்வார்? ஓட்டுவார்.

‘சரி, லேமினேட் பண்ணிடலாம்’ என்பது அடுத்த தவறு. பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணி, அப்புறம் அதில் ஓட்டை போடுவோம். அந்த ஓட்டையில்தான் எல்லாம் கெடுகிறது. உறைக்குள் இருக்கிற காகிதத்தின் விளிம்பு அங்கே வெளியே தெரிகிறது. ஈரம் அந்த வழியாக ஏறி, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும், உறை இரண்டாகப் பிரியும், ஒரு நாள் காற்றில் ஆடி ஆடிக் கிழிந்து விழும். லேமினேஷன்தான் வேண்டுமென்றால் முதலில் காகிதத்தில் பெரிய ஓட்டை, பிறகு லேமினேட், பிறகு அதன் நடுவில் சின்ன ஓட்டை. விளிம்பு மூடியே இருக்கும். என்னைக் கேட்டால் காகிதமே வேண்டாம், முழு பிளாஸ்டிக்கில் பித்தளை வளையம் அடித்த டேக் வாங்கிவிடுங்கள். இரும்பு வளையம் வேண்டாம், துருப்பிடித்து அதுவே டேக்கை அறுத்துவிடும்.

உலோக டேக் என்றால் கண்டிப்பாக நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காஸ்டிக் சோடா புழங்குகிற இடத்தில் அலுமினிய டேக்கை மாட்டினால் காஸ்டிக் அதைத் தின்றுவிடும், எழுத்து முதலில் மங்கும், அப்புறம் டேக்கே மெலிந்து போகும். உப்புக் கரைசல் தொட்டிப் பக்கம் சாதாரண ஸ்டீல் துருப்பிடிக்கும். அந்த இரண்டு இடத்துக்கும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது, காஸ்டிக்கும் ஆகாது ஆசிட்டும் ஆகாது என்ற தொல்லை அதற்கு இல்லை. ஆனால் அதையே கொண்டுபோய் பாய்லர் ஸ்டீம் லைனில் மாட்டினால் நெளிந்துவிடும், அங்கே எழுத்து பொறித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான் சரி. ஒரே டேக்கை மொத்தமாக ஆயிரம் வாங்கி யூனிட் முழுக்க மாட்டுவது பர்ச்சேஸ் டிபார்ட்மென்டுக்கு வசதி, அவ்வளவுதான்.

டேக்கைவிட அதைக் கட்டுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். நூல், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப் எல்லாம் கைக்குக் கிடைத்ததைக் கட்டுவது. அமெரிக்காவில் 1989இல் வெளியான லாக்-அவுட் டேக்-அவுட் விதி, அதாவது ரிப்பேர் நேரத்தில் மெஷினைப் பூட்டி டேக் மாட்டி வைக்கும் விதி, இதை நுணுக்கமாகச் சொல்கிறது: டேக்கைக் கட்டுகிற சாமான் ஒரு முறைதான் பயன்பட வேண்டும், கையாலேயே மாட்ட முடிய வேண்டும், தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், குறைந்தது 50 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ இழுத்தாலும் அவிழக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால் நல்ல நைலான் கேபிள் டை. அதிலும் வெயில் படுகிற இடத்துக்கு வெள்ளை வேண்டாம், ஓரிரு கோடையில் மொறுமொறு என்று ஆகி விரல் பட்டால் உடையும். வெயிலுக்கென்றே செய்த கறுப்பு வாங்குங்கள். சாதாரண நைலான் டை 85 டிகிரி வரைக்கும்தான், ஆசிட் பக்கம் அதுவும் நிற்காது.

எழுத்து. டேக் நிற்கும், எழுத்து நிற்காது. சிவப்பு மை வெயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுக்கும், கொஞ்ச நாளில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒரு அட்டை தொங்கும். ‘பெர்மனன்ட்’ மார்க்கர் என்று பெயரில்தான் பெர்மனன்ட், தின்னர் துணி ஒரு தரம் பட்டால் போச்சு. பெயின்ட் மார்க்கர் தேவலை. சொன்னால் சிரிப்பீர்கள், சொரசொரப்பான பரப்புள்ள டேக்கில் சாதா பென்சில் வெயிலுக்கும் வெளுக்காது. தலைப்பு வார்த்தை ஐந்து அடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும் என்பது அமெரிக்காவின் எச்சரிக்கை டேக் விதியில் இருக்கிற அளவு; நம் வெளிச்சத்துக்கு இன்னும் பெரிதாகவே போடுங்கள். அப்புறம், தமிழில் மட்டும் எழுதிவிட்டு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஓட்டுகிற மெஷினில் மாட்டுவதில் என்ன பயன்? இந்தியும் வேண்டும், எழுத்தே தெரியாதவருக்கும் புரிகிற படமும் வேண்டும். மாட்டியவர் பெயர், போன் நம்பர், தேதி, நேரம், கோளாறு ஒரு வரி. பெயர் இல்லாத டேக்கை யாரும் மதிக்க மாட்டார்கள், கழற்றுவதற்கு யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

இனி நான் கண்ணால் பார்த்தது. ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் டிரான்ஸ்ஃபர் பம்பில் சத்தம் வருகிறது என்று ஃபிட்டர், மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கின் மூடியைக் கழற்றினார். டேக் எல்லாம் முறையாகத்தான் இருந்தது, மஞ்சள் பிளாஸ்டிக், கேபிள் டை, பெயர், தேதி. மாட்டியிருந்தது பம்பின் உடம்பில். கரண்ட் பேனல் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ரூமில், செலக்டர் சுவிட்ச் ‘ஆட்டோ’வில். தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறியது, மிதவை சுவிட்ச் மேலே போனது, பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது. மிதவைக்குப் படிக்கத் தெரியாதே! ஃபிட்டர் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடுக்க அப்போதுதான் எழுந்து டூல் பாக்ஸ் பக்கம் போயிருந்தார். கப்ளிங்கின் மேல் அவர் வைத்துவிட்டுப் போன ஸ்க்ரூ டிரைவர் பறந்து போய் எதிர்ச் சுவரில் சிமென்ட் பூச்சைப் பெயர்த்தது. விரல் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

டேக்கை மெஷினில் மட்டும் மாட்டாதீர்கள், மெஷினை உயிர்ப்பிக்கிற ஒவ்வொரு இடத்திலும் மாட்டுங்கள். பேனல், ஸ்டீம் வால்வு, காற்று வால்வு, ரிமோட் ஸ்டார்ட் பட்டன். போர்ட்டபிள் கிரைண்டர் மாதிரி சாமான் என்றால் பிளக் பக்கம், கை போகிற இடத்தில். பாரம் தூக்குகிற பெல்ட் ஸ்லிங் கிழிந்திருந்தால் அதற்கு டேக்கே போடாதீர்கள், கத்தியால் இரண்டாக வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டத்தான் செய்வார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு டேக்கைப் பூட்டு என்று நினைப்பது. டேக் யார் கையையும் பிடிக்காது. மேலே சொன்ன அமெரிக்க விதியின் அடிப்படையும் இதுதான், பூட்ட முடிகிற இடத்தில் பூட்டுதான் முதலில், டேக் அதற்கு அடுத்தபடிதான். நம் பழைய எலக்ட்ரீசியன்கள் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள் இல்லையா, அந்த மூளைதான் இதுவும். ஆனால் இன்னொரு கட்டை ஸ்டோரில் இருக்கும் என்பதால் பூட்டு அதைவிட மேல். ஆஸ்திரேலியத் தொழிற்சாலைகளில் இதை இரண்டு டேக்காகவே பிரித்துவிட்டார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை டேக் என்றால் ‘ஆள் வேலை செய்கிறார்’, மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மஞ்சள், கறுப்பு என்றால் ‘மெஷின் கெட்டிருக்கிறது’. நாம் இரண்டுக்கும் ஒரே ‘ரிப்பேர்’ அட்டையைத் தொங்கவிடுகிறோம், உள்ளே ஆள் இருக்கிறாரா ஸ்பேர் வரவில்லையா என்று பார்க்கிறவர் யூகிக்க வேண்டியதுதான்.

ஷிப்ட் மாறும்போது வாயால் சொல்லாமல் போவதும் இதில் சேர்த்திதான். 1988 ஜூலை 6இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேலை அன்றைக்கு முடியவில்லை. அது சம்பந்தப்பட்ட காகிதம் கன்ட்ரோல் ரூமுக்குப் போனது, விஷயம் ராத்திரி ஷிப்ட் காதுக்குப் போகவில்லை, வால்வு இருந்த இடமோ பம்புக்கு மேலே, கண்ணில் படாத உயரத்தில். இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள், வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் செத்தார்கள்.

இவ்வளவு நேரம் டேக் நிலைக்க வேண்டும் என்று சொன்னேன். நிலைக்கிற டேக்கிலும் ஒரு வினை இருக்கிறது. ரிப்பேர் முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் அது அப்படியே தொங்கும், கட்டியது நல்ல கேபிள் டை ஆயிற்றே, தானாக விழாது. ‘ஓட்டாதே’ என்ற டேக்கோடு ஒரு கம்ப்ரஸர் மூன்று ஷிப்டும் ஓடுவதைத் தினமும் பார்க்கிற பையன், நாளைக்கு நிஜமான டேக்கைப் பார்த்தாலும் தாண்டித்தான் போவான். விழுந்த டேக்கைவிட இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் விழுந்த டேக் ஒரு மெஷினைத்தான் கெடுக்கும், இது யூனிட்டில் இருக்கிற எல்லா டேக்கையும் கெடுத்துவிடும். அதனால் டேக்குக்கு நம்பர் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், வாரத்துக்கு ஒரு தரம் அந்த நோட்டையும் ஒரு கட்டிங் பிளையரையும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். நான் அப்படிப் போன முதல் நாளே ஓடுகிற மெஷின்களில் நாலு டேக் கிடைத்தது, அதில் ஒன்றில் இருந்த பெயர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமான ஃபிட்டருடையது. போன் போட்டுக் கேட்டால், ‘அண்ணே, அது இன்னுமா தொங்குது?’ என்கிறார்.

வெட்டிய கேபிள் டைத் துண்டை மட்டும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். துணிக்குச் சாயம் ஏற்றுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குள் விழுந்தால் துணி சிக்கிக் கிழியும், அப்புறம் அதற்கு ஒரு டேக் மாட்ட வேண்டியிருக்கும்.