கம்பெனி கூரையில சோலார் போடப் போறீங்களா, மொதல்ல பகல் கரண்ட் யூனிட்டை கணக்கெடுங்க

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சின்னதா கம்பெனி வச்சிருக்கற நெறைய பேர் இப்ப சோலார் போடலாமானு கேக்கறாங்க. தாராளமா போடலாம், ஆனா எத்தனை கிலோவாட்னு முடிவு பண்றதுல தான் காசே இருக்கு. கொட்டேஷன் குடுக்க வர்றவங்க பில்லுல மொத்த யூனிட்டை பாத்துட்டு ஒரு சைஸ் சொல்லிருவாங்க, அதை அப்படியே ஒத்துக்காதீங்க. நமக்கு வேண்டியது பகல்ல ஓடற யூனிட் மட்டும் தான்.

ஒரு வாரம் தினமும் காலைல 9 மணிக்கும் சாயந்தரம் 5 மணிக்கும் இபி மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வைங்க, லீவு விடற ஞாயித்துக்கிழமையும் சேத்து. ரெண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் தான் அன்னைக்கு பகல் யூனிட். சிடி மீட்டரா (பெரிய லோடுக்கு கரண்டை குறைச்சு அளக்கற மீட்டர்) இருந்தா பில்லுல இருக்கற மல்டிபிளையிங் ஃபேக்டரால பெருக்கிக்கோங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், அப்ப பகல்ல 80 யூனிட் ஓடுச்சுன்னா 20 கிலோவாட்னு கணக்கு வரும், ஆனா மத்தியானம் வெயில் உச்சத்துல இருக்கும்போது தான் ஆளுங்க சாப்பிட போவாங்க, மோட்டார் நிக்கும், அதனால 15, 16 கிலோவாட்ல நிறுத்தறது தான் என் அபிப்பிராயம். மாங்கூழ் கம்பெனிக்காரங்க இன்னும் கவனமா இருக்கணும், சீசன் மாச பில்லை வச்சு பேனல் போட்டா மீதி மாசமெல்லாம் கரண்ட் சும்மா வெளிய இபி லைனுக்கு போயிட்டே இருக்கும், அதனால 12 மாச பில்லையும் எடுத்து வச்சு பாருங்க.

வெளிய போனா என்னங்க, பில்லுல கழிச்சுக்குவாங்களேனு கேப்பீங்க. வீட்டு கனெக்‌ஷனுக்கு தான் அந்த மாதிரி யூனிட்டுக்கு யூனிட் கழியற நெட் மீட்டரிங். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட 2021 உத்தரவுல எல்டி (லோ டென்ஷன் லைன்ல இருக்கற) கடை, கம்பெனிக்கு நெட் ஃபீட்-இன் தான், அதாவது வெளிய போற யூனிட்டுக்கு நாம கட்டற ரேட்டை விட ரொம்ப கம்மியா தான் கெடைக்கும். அது போக இபி லைனை பயன்படுத்தறதுக்கு நெட்வொர்க் சார்ஜ்னு ஒன்னு இருக்கு, இன்னைக்கு ரேட் எவ்வளவுனு உங்க ஏரியா இபி ஆபீஸ்ல கேட்டு கணக்குல சேத்துட்டு தான் எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு பாக்கணும். மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் மானியம் வீட்டுக்கு மட்டும் தான், நமக்கு வராது. நமக்கு இருக்கறது இன்கம் டாக்ஸ்ல 40% தேய்மானம் (போட்ட காசுல அவ்வளவை லாபத்துல செலவா கழிச்சு காட்டலாம்), அதுவும் போட்ட நிதி வருஷத்துல 180 நாளைக்கு கம்மியா ஓடுச்சுன்னா பாதி தான், உங்க ஆடிட்டர்கிட்ட தேதியை பேசிட்டு ஆர்டர் போடுங்க.

அடுத்து கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா அது மேல ஆள் ஏறவே கூடாது, ஷீட்டை மாத்திட்டு போடுங்க, உயிர் விஷயம். தகர ஷீட்னா ஸ்க்ரூ மேடு பக்கம் ஏறணும், பள்ளத்துல அடிச்சா மழைக்கு ஒழுகும், கீழ பர்லின்ல (ஷீட்டை தாங்கற இரும்பு சட்டம்) பிடிக்குதானு நீங்களே நின்னு பாருங்க, ஏன்னா சித்திரை, வைகாசில மழைக்கு முன்னாடி அடிக்கற காத்து சாதாரணமா இருக்காது. தெக்கு பாத்து சாய்வு 12 டிகிரி பக்கம் இருந்தா போதும்.

எர்த்திங்கை யாரும் கண்டுக்கறதில்ல, எனக்கு அதுல தான் ரொம்ப கவலை. நம்ம பக்கம் ரெண்டு அடி தோண்டினா பாறை, சும்மா ஒரு ராடை இறக்கிட்டு உப்பு, கரி போட்டு மூடிட்டு போயிருவாங்க. டிசிக்கு, ஏசிக்கு, இடிதாங்கிக்கு தனித்தனி குழி வேணும், கெமிக்கல் எர்த்திங் (உப்பு, கரிக்கு பதிலா அதுக்குனு வர்ற பவுடர் போடறது) பண்ண சொல்லுங்க, எர்த் டெஸ்டர் வச்சு எத்தனை ஓம்ஸ்னு உங்க கண்ணு முன்னாடி அளந்து எழுதி வாங்கிட்டு தான் கடைசி பேமெண்ட் குடுக்கணும்.

கரண்ட் போனா சோலாரும் நின்னுரும், லைன்ல வேலை பாக்கற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுனு ஆன்-கிரிட் (இபி லைனோட சேந்து ஓடற) இன்வெர்ட்டரை அப்படி தான் செஞ்சிருக்காங்க. ஜெனரேட்டரோட சேத்து ஓட்டணும்னா அதுக்கு தனி கன்ட்ரோலர் இருக்கு, முன்னாடியே கொட்டேஷன்ல எழுத சொல்லிருங்க.

போட்டு ரெண்டு மாசம் கழிச்சு பில்லுல பவர் ஃபேக்டரை (இழுக்கற கரண்ட்ல எவ்வளவு நிஜமா வேலைக்கு ஆகுதுங்கற அளவு) பாருங்க. மோட்டாருக்கு வேண்டிய யூனிட்டை சோலார் குடுத்துரும், ரியாக்டிவ் பவர் (மோட்டார்ல காந்தப்புலத்துக்கு வேண்டியது) மட்டும் இபில இருந்தே இழுக்கும், அதனால பவர் ஃபேக்டர் குறைஞ்சு அபராதம் வரலாம். ஏபிஎஃப்சி பேனலோட (பவர் ஃபேக்டரை தானா சரி பண்ற கெப்பாசிட்டர் பெட்டி) சிடி, அதாவது கரண்டை அளக்கற வளையம், இபி லைன் உள்ள வர்ற இன்கமர்ல, சோலார் வந்து சேர்ற இடத்துக்கு முன்னாடி இருக்கானு எலக்ட்ரீஷியனை பாக்க சொல்லுங்க.

கழுவறதுக்கு போர் தண்ணி வேண்டாங்க. நம்ம ஊர் போர் தண்ணி காஞ்சதும் கண்ணாடில வெள்ளையா படியும், நாலஞ்சு தடவைக்கு அப்பறம் துணி வச்சு தேச்சாலும் போகாது. மழைத்தண்ணியை சேத்து வச்சு இல்லன்னா ஆர்ஓ தண்ணில வெயில் ஏறறதுக்கு முன்னாடி கழுவுங்க, பக்கத்துல கிரானைட் பாலிஷ் கம்பெனி இருந்தா வாரம் ஒரு தடவை, இல்லன்னா மாசம் ரெண்டு தடவை போதும்.