பழந்துப்பாக்கிச் சேகரிப்பு: மதிப்பைக் குலைக்கும் தவறுகள்

கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் 1955-இல் அமெரிக்கக் கடைகளுக்கு 125 டாலர் விலையில் வந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் தயாரான, நன்கு பேணப்பட்ட ஒன்று இன்று 3,000 டாலருக்கோ அதற்கு மேலோ விலைபோகிறது. இதைக் கேட்பவர் இருபத்து நான்கு மடங்கு இலாபம் என்று கணக்கிடுவார். ஆனால் இதே காலத்தில் அமெரிக்காவின் நுகர்வோர் விலைவாசி ஏறத்தாழ 12 மடங்கு உயர்ந்திருப்பதால், அன்றைய 125 டாலர் இன்றைய 1,500 டாலருக்குச் சமம். அதாவது, எழுபது ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம் சுமார் இரு மடங்குதான். அதுவும் எல்லாராலும் விரும்பப்பட்ட ஒரு மாதிரிக்கு, அதைக் கெடுக்காமல் வைத்திருந்தவருக்கு மட்டுமே கிடைத்தது. ஆண்டுகள் கடந்தால் விலை தானாகவே ஏறிவிடும் என்ற நம்பிக்கைதான் மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் அடிப்படை.

விலையை ஏற்றுவது வயதைவிட, மாற்றப்படாத நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதும் அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதும்தான். வின்செஸ்டர் நிறுவனம் தன் நூற்றாண்டையொட்டி 1966-இல் வெளியிட்ட நினைவு ரைஃபிள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாராயின. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடச் சுடாமல், பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனம் 1941-இல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்துகொடுத்த 500 எம்1911ஏ1 பிஸ்டல்களைச் சேகரிப்புப் பொருளாக அன்று எவரும் கருதவில்லை. அவை படைக்குச் சென்றன, தேய்ந்தன, தொலைந்தன. எஞ்சிய சிலவற்றுக்கு இன்று சேகரிப்பாளர்கள் போட்டியிடுகிறார்கள். ‘நினைவுப் பதிப்பு’, ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி முதலீடு செய்வது, என் கருத்தில், புதிய சேகரிப்பாளர்கள் விழும் முதல் குழி.

அதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்குவது, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் மெருகூட்டல். பழைய துப்பாக்கியின் கருநீல நிறம் வண்ணப்பூச்சு அன்று. எஃகின் மேற்பரப்பிலேயே வேதி முறையில் உருவாக்கப்பட்ட மெல்லிய ஆக்சைடு படலம். அது தேய்ந்துபோனதைக் கண்டு மனம் பொறுக்காத உரிமையாளர், புதிதாக நீலமேற்றச் சொல்லிப் பட்டறையில் கொடுக்கிறார். படலத்தை மறுபடி ஏற்றுவதற்கு முன் பழையதைத் தேய்த்து நீக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன, பொறித்த எழுத்துகள் ஆழம் குறைந்து மங்குகின்றன, திருகுத் துளைகளைச் சுற்றிச் சிறு குழிவு விழுகிறது. தேர்ந்த கண் இதைச் சில நொடிகளில் கண்டுகொள்ளும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஒரு துப்பாக்கியை மதிப்பிடும்போது, ஆலையில் ஏற்றிய மெருகு எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கிறது என்பதையே முதலில் கேட்கிறார்கள். மிஞ்சியது முப்பது விழுக்காடே ஆனாலும் அது மூலமெருகு என்றால் அதற்கு மதிப்பு உண்டு. நூறு விழுக்காடு பளபளப்பும் புதிதாக ஏற்றியது என்றால், விலையில் பாதியோ அதற்கு மேலோ போய்விடக்கூடும்.

மரத்துக்கும் இதுவே பொருந்தும். ஆலையிலிருந்து வரும்போது, துப்பாக்கியின் பிடிப்பகுதியான கட்டையின் மரம் உலோகத்தைவிட மயிரிழை அளவு உயர்ந்தே பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். உலோகத்துக்குக் கீழே தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். இராணுவ ரைஃபிள்களில் அந்தத் தேய்ப்பு, கட்டையில் பதித்த ஆய்வாளர் முத்திரையையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஸ்பிரிங்ஃபீல்டு, மவுசர் ரைஃபிள்களின் கட்டையை வெட்டிச் சுருக்கி, தொலைநோக்கிக்காகத் துளையிட்டு, வேட்டைக்கு ஏற்ப மாற்றியவர்கள் ஏராளம். அன்று அது சிக்கனமான காரியமாகவே இருந்தது. இன்று துளையிடப்படாதவையே தேடப்படுகின்றன. பரவும் துருவை நிறுத்த எண்ணெயிட்டு மென்துணியால் துடைப்பது தேவையான பராமரிப்பு. அதற்கு மேல் கை போகக் கூடாது.

உதிரிப் பாகங்களை அலட்சியமாக மாற்றுவதும் இதே வகைதான். ஜெர்மனியின் லூகர் பிஸ்டலில் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு பாகங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா எண்களும் பொருந்தும் ஒன்றுக்கும், ஒரே ஒரு பாகம் வேறாக உள்ள ஒன்றுக்கும் விலை வேறுபாடு கணிசமானது. சுட்டுப் பார்க்க விரும்புகிறவர் தேயக்கூடிய பாகத்தைக் கழற்றி மாற்றினால், பழையதை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். அளவு பொருந்தாத திருப்புளியால் திருகுத் தலைகளைச் சிதைப்பது மிக எளிதில் தவிர்க்கக்கூடிய சேதம். அதுதான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

துப்பாக்கியின் கதைக்கு விலை கொடுத்து, அதற்கான காகிதத்தைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. பில்லி த கிட் என்ற கொள்ளையனை 1881-இல் சுட்டு வீழ்த்திய ஷெரிஃப் பேட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர், 2021-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதே மாதிரி ரிவால்வர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இந்த ஒன்றுக்கு அந்த விலை கிடைத்தது, அது யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதை ஆவணங்களால் காட்ட முடிந்ததால்தான். ஆலைப் பதிவேடுகளிலிருந்து கட்டணத்துக்குச் சான்றுக் கடிதம் பெறலாம். கோல்ட் நிறுவனமே தன் ஆவணக் காப்பகத்திலிருந்து தருகிறது. வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் அந்தக் கடிதம் துப்பாக்கி எந்த நாளில், எத்தகைய மெருகோடு, எந்த வணிகருக்கு அனுப்பப்பட்டது என்பது போன்ற விவரங்களையே சொல்லும்; பிறகு யார் இடுப்பில் தொங்கியது என்று சொல்லாது. தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது என்றால், படைத் தலைமை அளித்த அனுமதிச் சீட்டைத் தேட வேண்டும். பழுப்பேறிய அந்த ஒற்றைத் தாளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. தோலுறை அழகாக இருக்கும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட இரசாயனம் எஃகை அரிக்கும். பஞ்சு நுரை பதித்த பெட்டியும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஆகாது. உறையைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும், ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டிய அலமாரியில் வைப்பது நல்லது. மிக வறண்டால் மரம் வெடிக்கும்.

சட்டத்தை அறியாமல் இருப்பது பணத்தோடு நிற்காது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898-க்குள் தயாரானவை பெரும்பாலும் தொல்பொருளாகக் கருதப்படுகின்றன. 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் உள்ளவற்றைச் சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர் வாங்கலாம். மூல வடிவம் மாறினால் அந்தச் சலுகையையும் இழக்க நேரிடலாம். பதிவு செய்யாத இயந்திரத் துப்பாக்கி பரணில் கிடைத்தால் அது புதையல் அன்று. 1968-இல் ஒரு மாதம் அளிக்கப்பட்ட பொதுமன்னிப்புக்குப் பிறகு தனியார் அதைப் பதிவு செய்ய வழியில்லை. மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதால், கையில் எடுப்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்பதே சரி.

விலைப் புத்தகத்தில் கண்ட தொகை முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணுவதும் தவறு. வணிகர் தன் இலாபத்தைக் கழித்துத்தான் கேட்பார். ஏலத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் பிடிக்கப்படும். ஆகவே கிடைக்கக்கூடிய விலையாவது மேலும் குறையாமலிருக்க, வாங்கிய இரசீது, சான்றுக் கடிதம், படங்கள், தொடர் எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, குடும்பத்தாருக்கு அதைக் காட்டியிருக்க வேண்டும். உரிமையாளர் மறைந்த பின் வீட்டார் அன்போடு செய்யும் முதல் வேலை, விற்பதற்கு முன் துப்பாக்கிகளை நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான். அதைச் செய்ய வேண்டாம் என்பதையே கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.