மைக்ரோபிளாஸ்டிக் எண்ணும்போது எங்கே சறுக்குகிறது?

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடோனியா வளாகத்தில் பாட்டில் தண்ணீரைச் சோதித்து 2018-ல் முடிவு சொன்னார்கள்: லிட்டருக்குச் சராசரியாக 325 மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள், அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள். 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சொன்னது சுமார் 2,40,000. ஆறு வருடத்தில் பாட்டில் தண்ணீர் எழுநூறு மடங்கு கெட்டுப்போய்விட்டதா? இல்லை. முதல் குழு சுமார் 6.5 மைக்ரான் வரைதான் பார்த்தது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டாவது குழு அதற்கும் மிகக் கீழே, ஒரு மைக்ரானுக்கும் சிறிய நானோ அளவுக்கு இறங்கியது. அவர்கள் கண்டதில் 90 சதவீதம் நானோ துகள்கள்தான்.

ப்ராஜெக்ட் அறிக்கைகளில் அதிகம் காணும் தவறு இதுதான். எத்தனை துகள் என்று எழுதுகிறார்கள், எந்த அளவு வரை பார்த்தோம் என்பதை விட்டுவிடுகிறார்கள். 300 மைக்ரான் வலையைக் கடலில் இழுத்து எடுத்த எண்ணையும், வாளியில் மொண்டு வடிதாளில் வடித்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு, இந்தக் கடற்கரை அதைவிட மோசம் என்று முடிவு கட்டுவதில் அர்த்தமே இல்லை. மெல்லிய நூலிழைகள் அந்த வலைக்கண்ணில் நெட்டுக்குத்தாக நழுவிப் போய்விடும்.

அடுத்தது, உங்களிடமிருந்தே வரும் பிளாஸ்டிக். பாலியெஸ்டர் சட்டை, மின்விசிறி, மூடாத பெட்ரி டிஷ், பிளாஸ்டிக் வாஷ் பாட்டில் எல்லாமே மாதிரிக்குள் துகள் போடும். பருத்தி கோட் போடுங்கள், அதுவும் ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறத்தில் இருந்தால், அதிலிருந்து உதிர்ந்த நூலை நுண்ணோக்கியில் உடனே அடையாளம் கண்டு ஒதுக்கலாம். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம். ஆனால் ஒருமுறை போட்டு எறியும் கையுறைகளில் இருக்கும், சோப்பு போன்ற ஸ்டியரேட் உப்புகள் மாதிரியில் ஒட்டிக்கொண்டால், பொருளை அடையாளம் காட்டும் நிறமாலையில் அச்சு அசல் பாலிஎத்திலீன் போலவே தெரியும்.

உப்பையும் சந்தேகப்படுங்கள். மணலிலிருந்து பிளாஸ்டிக்கை மிதக்கவைக்க உப்புக் கரைசல்தான் மலிவான வழி. ஆனால் தூத்துக்குடி உப்பை ஆராய்ந்தவர்கள் அதிலேயே மைக்ரோபிளாஸ்டிக் கண்டிருக்கிறார்கள், ஆழ்குழாய் நீரில் விளைந்த உப்பைவிடக் கடல் உப்பில் கூடுதலாக. கரைசலை வடிகட்டாமல் ஊற்றினால் நீங்கள் எண்ணுவது கடற்கரையையா, உப்பளத்தையா?

இதையெல்லாம் பிடிக்க ஒரே வழி பிளாங்க் வைப்பது. மாதிரி இல்லாமல், அதே கரைசல், அதே பாத்திரம், அதே நேரம் திறந்து வைத்து, கடைசிப் படி வரை கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது மூன்று வையுங்கள். முழு ப்ராஜெக்டுக்கும் சேர்த்து ஒன்று வைத்து, அதில் பூஜ்யம் வந்தது என்று எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, சாதாரண உப்புக் கரைசலின் அடர்த்தி அதிகபட்சம் 1.2 தான். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பிவிசி இரண்டும் பொதுவாக 1.3-க்கு மேல், எனவே மணலோடு அடியில் தங்கிவிடும். அப்புறம் எங்கள் கடற்கரையில் பிவிசியே இல்லை என்று எழுதுவது பெரிய அபத்தம். ஜிங்க் குளோரைடு 1.6 வரை போகும். ஆனால் அது நச்சு, தோலை அரிக்கும். சிங்க்கில் கொட்டாமல் வடித்துத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

மீன் குடலைக் கரைக்க நைட்ரிக் அமிலம் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். குடல் கரையும், சரி. கூடவே நைலானும் கரைந்துவிடும். மீன் வயிற்றில் வலைத்துண்டைத் தேடிக்கொண்டே அதை அழிப்பது போலத்தான். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 40 டிகிரி, கொஞ்சம் பொறுமை போதும்.

கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது இன்னொரு பொறி. 2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் மணிகளோடு கருகிய பிளாஸ்டிக் கட்டிகளும் கரை ஒதுங்கின. வெள்ளை மணியை யாரும் தவறவிடமாட்டார்கள், கருகியதைக் கல் என்று தள்ளிவிடுவார்கள். பிளாஸ்டிக்கில் ஏறி ஒளிரும் நைல் ரெட் சாயம் உதவும் என்றாலும் கொழுப்பும் அதில் ஒளிரும். வெப்பத்தில் சிதைத்து எடையாகச் சொல்லும் கருவியிலும் இதே தொல்லைதான், கொழுப்பிலிருந்து வரும் சிதைவுப் பொருள்கள் பாலிஎத்திலீன் கணக்கில் சேர்ந்துவிடலாம். மனிதத் திசுக்களில் இவ்வளவு பிளாஸ்டிக் என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, கொழுப்பை எப்படி நீக்கினார்கள் என்று முதலில் பாருங்கள். அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் எஃப்டிஐஆர் கருவி வசதி இருந்தால் சந்தேகத் துகள்களில் ஒரு பகுதியையாவது சோதியுங்கள். மென்பொருள் தரும் பொருத்த சதவீதத்தை அப்படியே நகலெடுக்காமல் நிறமாலையை நீங்களே பார்க்க வேண்டும். 20 மைக்ரானுக்குக் கீழே அந்தக் கருவியும் தடுமாறும், அங்கே லேசர் ஒளியால் அடையாளம் காணும் ராமன் கருவி வேண்டும்.

எண்ணத் தொடங்கும் முன், சுத்தமான மணலில் எண்ணிப் போட்ட 50 நிறத்துண்டுகளைக் கலந்து முழு முறையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரிய குருணைகளை வைத்துச் செய்தால் எல்லாமே திரும்பி வரும், அதில் பயனில்லை. நீங்கள் தேடும் அளவிலேயே நொறுக்கிய துண்டுகள் வேண்டும். எத்தனை திரும்பக் கிடைத்தன என்பதை அறிக்கையில் எழுதுங்கள். ஒரு கிலோ மணல் என்று சொல்லும்போது அது உலர்ந்த எடையா ஈர எடையா என்பதையும் சேர்த்து.